கீரிக்குச் சண்டையில் விருப்பமில்லை

மட்டக்களப்புக்குப் போனால் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று இலங்கையின் மற்ற ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. பிழைப்புக்கு மாயவித்தை காட்டும் எனக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. இதைவிடப் பெரிய தொல்லையும் கிடையாது. வெளியூர் மேடையில் நான் சீட்டுக்கட்டைத் தொடுவதற்கு முன்பே முன்வரிசை பயந்துபோய் இருக்கும். பயந்தவன் சிரிக்கமாட்டான். எனக்கோ சிரிப்புத்தான் சாப்பாடு.

ஊருக்குள் நிலைமை நேர்மாறு. மந்திரத்துக்குப் பேர்போன ஊர், மந்திரத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே ஒரு கூத்தும் வைத்திருக்கிறது. பேராசிரியர் சி. மௌனகுரு ஆராய்ந்து எழுதிய மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களில் மகிடிக் கூத்தும் ஒன்று. அதில் கதையே மந்திரப் போட்டிதான். ஒருவர் ஏவ, மற்றவர் வெட்ட, இருவரது வீறாப்பையும் பார்த்துச் சனம் வயிறு நோகச் சிரிக்கும். அப்படிப்பட்ட சனத்தின் முன்னால் தொப்பிக்குள் இருந்து முயல் எடுத்தால், "முயல் என்ன விலை மனே?" என்றுதான் கேட்பார்கள். கேட்டார்கள்.

ஆகவே முயலை விட்டுக் கீரியைப் பிடித்தேன். உயிருள்ள கீரி அல்ல. தலையிலிருந்து வால்வரை உள்ளே ஸ்பிரிங் வைத்த ரோமப் பொம்மை. வெளிநாட்டு வித்தைக்காரர்கள் இதை ரக்கூன் என்று மேடையேற்றுவார்கள். எங்கள் வாவியின் இரண்டு கரையிலும் ரக்கூனைக் கண்டவர் எவருமில்லை. கல்லடியில் ஒரு பொடியன், "பூனைக்கு என்ன வருத்தம்?" என்று இரக்கத்தோடு விசாரித்த அன்றே அதைக் கீரியாக்கிவிட்டேன்.

கீரி என்றானதும் கதை தானாக வந்து சேர்ந்தது. சந்தையடியில் கீரி, பாம்பு வித்தை காட்டுகிறவர் "இப்ப சண்டை, இப்ப சண்டை" என்று பெட்டியைத் தட்டித் தட்டியே தாயத்தை எல்லாம் விற்றுவிடுவார். சண்டை மட்டும் நடக்காது. நான் தாயத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டேன். ஓலைப்பெட்டிக்குள் ரப்பர் பாம்பு, கையில் கீரி, எல்லாம் ஆயத்தம். கீரிக்குத்தான் சண்டையில் விருப்பமில்லை.

ஒத்திகை மண்டபமாக எனக்கு வாய்த்தது பாதை. 2014இல் பாலம் திறக்கும்வரை மண்முனைத் துறையில் மக்களையும் மோட்டார்சைக்கிளையும் நெல்மூட்டையையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வாவியின் மறுகரையான படுவான்கரைக்குப் போன மிதவைதான் பாதை. நடு வாவியில் எவரும் எழும்பிப் போக ஏலாது. உலகத்திலேயே பாதுகாப்பான மேடை அது. பொம்மையைத் துள்ளவைப்பது சுகம், விரலால் சுண்டினால் போதும். உயிர் வருவது மூச்சில்தான் என்பதை அங்கேதான் படித்தேன். உள்ளங்கையால் வயிற்றை மெல்ல அமுக்கி விட்டால் கீரி மூச்சு வாங்கும். அதைவிட முக்கியம் என்னுடைய கண். நான் கீரியைக் கண்டு பயந்தால் பார்க்கிறவர்களும் பயப்படுவார்கள். கரை வந்துவிட்டதா என்று நான் ஒருதரம் எட்டிப் பார்த்தால் என் கையில் இருப்பது வெறும் ரோமத் துண்டு.

இனி வசனம். அதை எழுதியது ஊர். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பெத்தா, கீரி துள்ளுவதை வெற்றிலை மென்றபடி பார்த்துவிட்டுச் சொன்னா: "எங்கட கோயில் கல்மாடு பறங்கிக்காரனுக்கு முன்னால புல்லுத் திண்டது. உன்ட கீரி என்னத்தைத் தின்னும்?" தான்தோன்றீஸ்வரர் கோயில் நந்தி புல் தின்று சாணமும் இட்டு, இடிக்க வந்த போர்த்துக்கேயரை ஓட்டிய கதை படுவான்கரையில் குழந்தைக்கும் தெரியும். அந்தத் தரத்தோடு போட்டியிட என்னால் ஆகாது. ஆனாலும் அடுத்த நிகழ்ச்சியிலேயே கீரி மாரி பிஸ்கட் தின்னத் தொடங்கிவிட்டது. நந்தி செய்த இரண்டாவது வேலைக்கு மட்டும் இன்றுவரை பயிற்சி கொடுக்கவில்லை.

தின்னுகிற வாய் பேச வேண்டாமா? உதடு அசையாமல் குரல் கொடுக்கும் வித்தையில் மும்பையின் பாத்யே குடும்பம் பெரிய ஆட்கள். தகப்பன் ஒய்.கே. பாத்யே உருவாக்கிய அர்தவட்ராவ் என்ற பொம்மையை மகன் ராம்தாஸ் பேசவைத்தார்; பொம்மை நூறு வயதைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் எட்கர் பெர்கன் 1937 முதல் தன் பொம்மை சார்லி மெக்கார்த்தியோடு வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார். வானொலியில் உதட்டை ஆர் கண்டது? கொடுத்துவைத்த மனிசன். எங்கள் வாவிக்குள்ளிருந்தும் ஒரு பாட்டுக் கேட்கும்; பாடுவது மீனா ஊரியா என்று இன்னும் வழக்குத் தீரவில்லை. குரல் கேட்கும், உதடு தெரியாது. அந்த அளவுக்குக் கைதேர்ந்தவர்கள் நீருக்கடியில் இருக்க, மேலே நான்.

உதடு ஒட்டாமல் ப, ம இரண்டும் வராது. என் கீரிக்கோ எதிரி பாம்பு. ஒரு சொல்லில் இரண்டு தரம் உதடு ஒட்ட வேண்டும். "தாந்து, தாந்து" என்று சமாளித்தேன். காத்தான்குடியில் ஒரு பிறந்தநாள் வீட்டில் முன்னால் இருந்த பெடியன் எழும்பி, "அதுக்குப் பாம்பெண்டு சொல்லப் பயம், அதுதான் கொன்னுது" என்று அறிவித்தான். வீடே சிரித்தது. இரவில் பாம்பைப் பேர் சொல்லாமல் கயிறு என்று சொல்லும் வழக்கம் நினைவுக்கு வர, கீரியும், "அந்தக் கயிறு உள்ளுக்க நித்திரையா?" என்று நடுங்கிக்கொண்டே கேட்டது. பிறகென்ன, வீரக் கீரி பயந்த கீரியானது. இன்று அழைப்பு வருவதெல்லாம் பயந்த கீரிக்குத்தான். வித்தைக்காரனும் கூடவே வரலாம் என்கிறார்கள்.

பிறகொருநாள் அதே பெடியன் என்னை மறித்துக்கொண்டான். "அங்கிள், அது நான் சொன்ன பகிடி. என்ட பங்கு எங்க?" நியாயமான கேள்வி. கீரிக்கென்று வைத்திருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கீரிக்கு எத்தனை என்று கேட்டான். ஒரு பக்கெட் என்று சொல்ல மனம் வரவில்லை. வசனம் எழுதுகிறவனை விட வாயசைக்கிறவனுக்குத்தான் சம்பளம் கூட என்பதை அந்த வயதில் எப்படிச் சொல்வது?