கடன் வாங்காத குற்றம்

(பதுளை மாவட்டம், நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. லயத்து இஸ்தோப்பில் ஓய்வுபெற்ற கொழுந்துக்காரப் பாட்டி. எதிரே கடிதமும் கையுமாகத் தோட்டத்துக் கிளாக்கர்.)

கிளாக்கர்: பாட்டி, இந்தக் காம்பராவுல யாருக்குமே இப்ப தோட்ட வேலைக்காரங்க செக்ரோல்ல பேரு இல்ல. முப்பது நாளைக்குள்ள ஒப்படைக்கணும்.

பாட்டி: பேரன் இருக்கானே ஐயா. கொழும்புல சாப்பாட்டுக் கடையில நின்னான். 2022ல கேஸ் இல்லாம கடைய மூடவும், பொண்டாட்டி புள்ளையோட இங்கதான் வந்துட்டான்.

கிளாக்கர்: லயமும் பழசு. உங்க பாதுகாப்புக்காகத்தான் சொல்றோம்.

பாட்டி: மீரியபெத்தைத் தோட்டத்துல மலை சரியும்னு முன்னாடியே ஆய்வுக்காரங்க சொன்னாங்க. அப்ப வீடு குடுத்துக் கூட்டிப் போக ஒருத்தரும் வரல. 2014ல மண்ணுதான் வந்துச்சு.

கிளாக்கர்: அதெல்லாம் இருக்கட்டும். எழுத்துல ஏதாச்சும் வச்சிருக்கீங்களா? காணி அரசாங்கத்தோடது, கம்பனிக்குக் குத்தகைதான். 1979ஆம் வருஷச் சட்டப்படி கோர்ட்டுல ‘பெர்மிட் இருக்கா’ன்னுதான் கேப்பாங்க. வேற கத எடுபடாது.

பாட்டி: அந்த வருஷம் எங்காளுங்கள்ல எத்தனையோ பேருக்குக் குடியுரிமையே இல்ல. பெர்மிட்டு எங்கருந்து வரும்? (டிரங்குப் பெட்டியைத் திறக்கிறார்.) இந்தா, சேமலாப நிதிக் கடுதாசி. என் பேரு போட்டு வந்தது.

கிளாக்கர்: காம்பரா நம்பர் இல்லையே.

பாட்டி: கடுதாசி எல்லாம் ஆபிசுக்கு வந்து, உங்க கையத் தாண்டித்தானே எங்களுக்கு வருது!

கிளாக்கர்: கோவப்படாதீங்க. நாடே நெருக்கடியில கெடக்கு.

பாட்டி: தெரியும். 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடனக் கட்ட முடியாதுன்னு அரசாங்கமே கைய விரிச்சிச்சு. அதுக்கு யாரு முப்பது நாள் கடுதாசி குடுத்தா?

கிளாக்கர்: அது வேற. ஐ.எம்.எஃப். 2023ல நாலு வருஷத் திட்டம் போட்டு, மூணு பில்லியன் டொலர் கிட்டக் குடுக்க ஒத்துக்கிச்சு.

பாட்டி: கடன் கட்டாத முதலாளிமாரு சொத்த பேங்க் ஏலம் போடக் கூடாதுன்னும் சொன்னாங்களாமே?

கிளாக்கர்: பராட்டே ஏலம். 2024ல நிறுத்தி வச்சாங்க. பாவம், அவங்களுக்கும் மூச்சு விட நேரம் வேணுமில்ல?

பாட்டி: நான் ஒருத்தருக்கும் ஒரு சதம் பாக்கி வைக்கலியே ஐயா.

கிளாக்கர்: அங்கதான் சிக்கல். கடன் இருந்தா தவணை கேக்கலாம். உங்களுக்கு எதுக்குத் தவணை குடுக்கிறது?

பாட்டி: அப்ப நாளைக்கே பசறை பேங்குக்குப் போயி ஒரு கோடி கடன் கேக்கிறேன். ஐயா பிணைக்குக் கையெழுத்துப் போடுங்க. உங்க வீட்ட எழுதி வச்சிரலாம்.

கிளாக்கர்: (குரல் இறங்குகிறது) எனக்கும் தோட்டத்துக் குவாட்டர்ஸ்தான் பாட்டி. வேல இருக்கிற வரைக்கும்.

பாட்டி: ஐயய்யோ! அப்ப உங்க கடுதாசிய யாரு கொண்டாந்து குடுப்பா?