உந்தம் எங்கே போச்சு?

கே: உந்தம் என்றால் என்ன? சூத்திரம் சொல்லித் தப்பிக்கக் கூடாது!

ப: ஓடும் பொருளை நிறுத்த எவ்வளவு விசையோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்ட வேண்டும் என்பதன் அளவு. நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைத்துவிடும். சூத்திரமும் சொல்லியாச்சு, தப்பிக்கவும் இல்லை.

கே: மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து, காலையில் வாக்கிங் போகும் என் மாமா. யாருக்கு உந்தம் அதிகம்?

ப: மாமாவுக்கு. பந்து 160 கிராம், நொடிக்கு 39 மீட்டர். பெருக்கினால் ஆறு சொச்சம். மாமா 70 கிலோ, நொடிக்கு ஒரே மீட்டர் நடந்தாலும் எழுபது. ஆனால் இயக்க ஆற்றலில் வேகத்துக்கு வர்க்கம் உண்டு. அங்கே பந்து 120 ஜூல், மாமா வெறும் 35. ஆகவே பந்துக்கு ஹெல்மெட் போடுங்கள். மாமாவுக்கு வழி விட்டால் போதும்.

கே: கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பது ஸ்டைலுக்கா?

ப: விரலைக் காப்பாற்ற. அந்த ஆறு சொச்சத்தை 0.01 நொடியில் நிறுத்தினால் கையில் 600 நியூட்டனுக்கு மேல் இறங்கும். 0.1 நொடி எடுத்துக்கொண்டால் 60 சொச்சம்தான். பந்து விட வேண்டிய உந்தம் இரண்டிலும் ஒன்றே. கடனைத் தவணையில் வாங்கிக்கொள்கிறீர்கள்.

கே: சினிமாவில் ஹீரோ சுட்டால் வில்லன் பத்தடி பறக்கிறானே?

ப: தோட்டா 10 கிராம், நொடிக்கு 800 மீட்டர் என்று தாராளமாகவே வைப்போம். உந்தம் 8. எண்பது கிலோ வில்லன் மீது தைத்து நின்றால் அவனுக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர். அவன் பறந்தே தீர வேண்டும் என்றால், அதே உந்தம் துப்பாக்கி வழியாக ஹீரோவின் தோளிலும் இறங்கும். அவர் எதிர்ப்பக்கம் பறப்பார். ஸ்டண்ட் மாஸ்டர் கயிறு இரண்டு செட் வாங்க வேண்டும்.

கே: மழையில் பஸ் நின்றுவிட்டது. உள்ளே இருந்தபடியே முன்சீட்டைத் தள்ளினால் நகருமா?

ப: கை சீட்டை முன்னே தள்ளும், அதே அளவுக்கு உங்கள் கால் பஸ் தரையைப் பின்னே தள்ளும். பஸ்ஸுக்கு நிகர லாபம் பூஜ்யம். பொருள்கள் தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கும் விசைகளால் மொத்த உந்தம் மாறாது, வெளியிலிருந்து விசை வந்தால்தான் மாறும். உந்த அழிவின்மை விதி என்பது இவ்வளவுதான். இறங்கி, ரோட்டில் காலை ஊன்றித் தள்ளுங்கள். குடையைக் கண்டக்டரிடம் கொடுங்கள்.

கே: கேரம் ஆடும்போது ஸ்டிரைக்கர் வந்த வேகத்தைவிட காய் வேகமாக ஓடுகிறதே? இல்லாத வேகம் எங்கிருந்து வந்தது?

ப: ஸ்டிரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம். ஆற்றல் வீணாகாத நேர்மோதல் என்று வைத்தால், ஸ்டிரைக்கர் பாதி வேகத்துக்கு இறங்கும், காய் ஒன்றரை மடங்கு வேகத்தில் கிளம்பும். உந்தக் கணக்கு: முன்பு 15. பின்பு இவருக்கு ஏழரை, அவருக்கு ஏழரை. பயப்படாதீர்கள், இது சனி இல்லை, சரிபாதி.

கே: இரண்டு களிமண் உருண்டைகள் எதிரெதிரே மோதி, ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. உந்தம் அழிந்துதானே போனது?

ப: பெரிய தத்துவஞானி டெகார்ட்டே சறுக்கிய இடம் இது. பிரபஞ்சத்தில் இயக்கத்தின் மொத்த அளவு மாறாது என்று 1644-ல் எழுதினார். அளவைப் பார்த்தார், திசையை விட்டுவிட்டார். கிழக்கே போவது +5 என்றால் மேற்கே போவது −5. மோதும் முன்பே கூட்டுத்தொகை பூஜ்யம்தானே? குறைந்தது இயக்க ஆற்றல். அதுவும் களிமண்ணை நசுக்கிச் சூடாக்கப் போயிருக்கிறது.

1660-களின் கடைசியில் வாலிஸ், ரென், ஹைகன்ஸ் என்ற மூன்று அறிஞர்கள் லண்டன் ராயல் சொசைட்டிக்கு மோதல் விதிகளைக் கொடுத்துத் திசையைச் சேர்த்தார்கள். இந்த ரென், லண்டன் செயின்ட் பால் பேராலயத்தை வடிவமைத்தவர். எதை எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியும்!

கே: விண்வெளியில் காற்றே இல்லை. ராக்கெட் எதைத் தள்ளி முன்னே போகிறது?

ப: 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் இதையே சொல்லி, ராக்கெட் ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோடார்டுக்குப் பள்ளிப் பாடமே தெரியவில்லை என்று கேலி செய்தது. ராக்கெட் தள்ளுவது தன் வயிற்றில் எரிந்த வாயுவை. வாயு பின்னே, ராக்கெட் முன்னே, கூட்டினால் பழைய கணக்கே. காற்று இல்லாதது கூடுதல் வசதி. அப்போலோ 11 கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17-ல், பத்திரிகை திருத்தம் போட்டது. கோடார்ட் 1945-லேயே காலமாகிவிட்டார். சந்திரனுக்கு நாலு நாள், திருத்தத்துக்கு 49 வருடம்.

கே: நான் எம்பிக் குதித்தால் பூமி கீழே போகுமா?

ப: போகும். உங்கள் வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றால், பூமிக்கு தசமப் புள்ளிக்குப் பின் 22 பூஜ்யம் தாண்டி ஒரு 3. நீங்கள் இறங்கும்போது அதுவும் திரும்பி வந்து காலைப் பிடிக்கும்.

கே: விண்கல் ஒன்று பூமியை நோக்கி வந்தால் இடித்துத் தள்ள முடியுமா?

ப: ஒத்திகையே பார்த்தாயிற்று. 2022 செப்டம்பர் 26. நாசாவின் டார்ட் விண்கலம், சுமார் 580 கிலோ, நொடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் டைமார்ஃபஸ் என்ற பாறையில் போய் முட்டியது. பாறை சுமார் 160 மீட்டர் அகலம். டிடிமோஸ் என்ற அண்ணன் பாறையை 11 மணி 55 நிமிடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. முட்டிய பிறகு அந்தச் சுற்று அரை மணிக்கும் மேல் குறைந்துவிட்டது.

ரசிக்க வேண்டியது அடுத்த விஷயம். பாறைக்குக் கிடைத்த உந்தம், விண்கலம் கொண்டுவந்ததைவிடச் சுமார் மூன்றரை மடங்கு என்று மதிப்பிட்டார்கள். உபரி எங்கிருந்து? இடித்த இடத்தில் கல்லும் தூசியும் விண்கலம் வந்த திசைக்கே திரும்பப் பீய்ச்சி அடித்தன. அவை பின்னே பறக்கப் பறக்க, பாறை முன்னே உதைபட்டது. பாறையே தன் உடம்பிலிருந்து ராக்கெட் விட்டுக்கொண்டது.

கே: மோதல் கணக்கெல்லாம் பரீட்சைக்குத்தானே? வாழ்க்கையில் யாருக்கு உதவியது?

ப: இயற்பியலாளர் ஜேம்ஸ் சாட்விக்குக்கு நோபல் பரிசு வாங்க உதவியது. 1932-ல் பெரிலியத்திலிருந்து மின்னூட்டமே இல்லாத ஏதோ ஒன்று கிளம்பி வந்தது. கண்ணுக்கும் தெரியாது, கருவியிலும் நேரடியாகத் தடம் விடாது. பாரிஸில் ஜோலியோ-க்யூரி தம்பதியர் அதைக் காமா கதிர் என்றார்கள். சாட்விக் இடித்தவனை விட்டுவிட்டு, இடிபட்டவர்களை விசாரித்தார். ஹைட்ரஜன் அணுக்கரு அதிகபட்சம் நொடிக்கு 33,000 கி.மீ. வேகத்தில் தெறித்தது, 14 மடங்கு கனமான நைட்ரஜன் 4,700 கி.மீ. வேகத்தில். உந்தமும் ஆற்றலும் அழியாது என்று இரண்டு சமன்பாடு போட்டால், இடித்தவனின் நிறை சுமார் 1.15 புரோட்டான். அதுதான் நியூட்ரான். பார்க்காமலே எடை போட்டுவிட்டார்! பரீட்சைக் கணக்கும் இதே கணக்குதான். அவர் ஒழுங்காகப் போட்டார்.

கே: எல்லாம் சரி, உந்தம் ஏன் அழிவதில்லை?

ப: பதில் சொன்னவர் ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த கணிதவியலாளர் எம்மி நோதர். அந்தப் பதில் 1918-ல் வெளிவந்தது. இயற்கையின் விதிகள் இங்கே ஒன்று, பத்தடி தள்ளி வேறொன்று என்று இடத்துக்கு இடம் மாறுவதில்லை. அதனால் உந்தம் அழிவதில்லை. நேரத்துக்கு நேரம் மாறாததால் ஆற்றலும் அழிவதில்லை. இரண்டுக்கும் ஒரே தேற்றம். இத்தனை பெரிய மூளைக்கு, பெண் என்ற காரணத்தால், பல்கலைக்கழகம் அவருடைய சொந்தப் பெயரில் பாடம் நடத்த 1919 வரை அனுமதி தரவில்லை. அங்கிருந்த கணிதவியலாளர் ஹில்பர்ட் பெயரில் அறிவித்த வகுப்பை இவர் எடுத்தார். எல்லா இடத்துக்கும் ஒரே விதி என்பதன் பலனைக் கண்டுசொன்னவருக்கு, அந்த ஊரில் தனி விதி!