கோப்பை ஒன்றா, இரண்டா? ஆங்கிலப் பிரபுகுலக் காதல் நாவல்களில் மாற்றாந்தாய்ச் சகோதரியரும் லெமனேடும்: ஓர் ஆய்வு

இங்கிலாந்தின் ரீஜன்ஸி காலத்தில் (1811–1820) நடப்பதாக எழுதப்படும் காதல் நாவல்களில் ஒரு வழக்கம் உண்டு. தந்தை ஒருவராகவும் தாயர் இருவராகவும் வாய்த்த சகோதரிகள், ஒருத்தி மேல் ஒருத்தி உயிரையே வைத்துக்கொண்டு, லண்டன் பிரபுக்களின் உலகத்துக்குள் காலெடுத்து வைப்பார்கள். இவ்வழக்கம் தமிழ் ஆய்வுலகில் இதுகாறும் உரிய கவனம் பெறவில்லை. ஏன் பெற வேண்டும் என்று கேட்பவர்கள், தம் ஆய்வேட்டின் தலைப்பை ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு வந்து கேட்கலாம்.

ஆய்வின் நோக்கம்: பதவி உயர்வுக்கு இன்னும் ஒரு கட்டுரை குறைகிறது.

முதன்மைச் சான்று: வாடகை நூலகம் ஒன்றில் கிடைத்த நாவல். அட்டை இல்லை. முதல் இயலும் இல்லை. கடைசித் தாளை முன்னர் எடுத்துச் சென்றவர் யாரோ நினைவாக வைத்துக்கொண்டிருக்கிறார். ஆசிரியர் பெயரே தெரியாததால், அவர் ஒருவரா இருவரா, எந்த நூற்றாண்டினர், எந்தச் சமயத்தவர் என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட வழி திறந்திருக்கிறது. நம் இலக்கிய வரலாற்றின் சரிபாதி இப்படித்தான் எழுதப்பட்டது.

கருதுகோள்: அன்பு பெருகப் பெருக லெமனேட் வீணாகும்.

சொற்பிறப்பு: இதற்கென்றே வேறு ஆட்கள் சம்பளம் வாங்குகிறார்கள்.

இனித் தலைவனியல். இவ்வகை நாவலின் தலைவன் டியூக்காக, அதாவது பிரபுக்களில் தலையாய பட்டம் உடையவனாக, இருப்பான். மணமாகாதவன், முப்பதை ஒட்டியவன், தோள் அகன்றவன், பழைய துயரம் ஒன்று உடையவன். அரச குடும்பத்துக்கு வெளியே அந்நாளில் இருந்த டியூக்குகள் இரண்டு டஜனைச் சற்றே தாண்டுவர்; அவர்களிலும் பலர் மணமானவர்கள், சிலர் கிழவர்கள். நாவல்களில் வரும் டியூக்குகளை மட்டும் ஓரிடத்தில் திரட்டியிருந்தால், வாட்டர்லூவில் வேறு படையே தேவைப்பட்டிருக்காது. அக்காலத்திலேயே வாழ்ந்து அக்காலத்தையே எழுதிய ஜேன் ஆஸ்டின் ஒரு டியூக்கைக்கூடக் கதாநாயகன் ஆக்கவில்லை; பாதிரியார், பண்ணை உடையவர், கடற்படை கேப்டன் என்று கைக்கெட்டிய ஆட்களை வைத்துச் சமாளித்தார். 1902இல் பிறந்த ஜார்ஜெட் ஹேயர் 1935இல் ‘ரீஜன்ஸி பக்’ எழுதியபின் இந்தக் களம் தனி வகையாகவே தழைத்தது. அவர் வழியில் வந்தவர்களிடம் டியூக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆய்வுப் பொருளிலிருந்து எவ்வளவுக்கு விலகி நிற்கிறோமோ அவ்வளவுக்குத் தெளிவு பிறக்கும் என்பது இதனால் பெறப்படும்.

இனித் தலைவியியல். மூத்தவள் அழகி அல்லள். ஆனால் எல்லாரும் அவளையே பார்ப்பர். இளையவள் அழகி, மழையில் நனைவாள்.

தாய் வேறான இவ்விருவரும் சகோதரியர் ஆவரோ எனின், அன்பினால் ஆவர், நிலத்தினால் ஆகார். என்னை? உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் பாதி ரத்த உறவினருக்குப் போகலாகாது என்று அக்கால ஆங்கிலப் பொதுச் சட்டம் விலக்கியிருந்தது. வேறு வாரிசே இல்லாவிட்டால், மேலே இருக்கும் நிலப்பிரபுவிடம் நிலம் திரும்புமே தவிர, கட்டிலருகில் அழுதுகொண்டு நிற்கும் தங்கையிடம் போகாது. பிளாக்ஸ்டோன் என்ற சட்ட மேதை இந்த விதிக்கு நியாயம் கற்பித்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். படித்து முடித்தால் விதி புரியாது. பிளாக்ஸ்டோன் மீது மரியாதை மட்டும் கூடும். 1833இல் வந்த வாரிசுரிமைச் சட்டம்தான் இதை மாற்றியது. அஃதேல் பணமும் நகையும் யாதாம் எனின், அசையும் சொத்தில் பாதி ரத்தத்துக்கும் முழுப் பங்கு உண்டு. ஆகவே காய்ச்சலில் கிடக்கும் மூத்தவள், தங்கையின் கையைப் பற்றிக்கொண்டு நான்கு பக்கம் பேசுவதைவிட நான்கு வரியில் ஓர் உயில் எழுதுவது நன்று. எந்த நாவலிலும் அவள் எழுதுவதில்லை.

இப்படிப்பட்ட குடும்பங்கள் உண்மையில் உண்டா என்று ஐயுறுவோர் லண்டன் பிக்கடில்லியில் இருந்த டெவன்ஷயர் மாளிகைக்குள் எட்டிப் பார்க்கலாம். கட்டடத்தை 1924இல் இடித்துவிட்டார்கள். ஆதலால் கற்பனையில்தான் எட்டிப் பார்க்க வேண்டும். ஐந்தாம் டெவன்ஷயர் டியூக்குக்கும் அவர் மனைவி ஜார்ஜியானாவுக்கும் ஜார்ஜியானா, ஹாரியட் என்று இரண்டு பெண்கள். அதே வீட்டில் டியூக்குக்கும் அவர் காதலி எலிசபெத் ஃபாஸ்டருக்கும் பிறந்த கரோலின் செயின்ட் ஜூல்ஸும் வளர்ந்தாள். யார் பெண் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். திருமணத்துக்கு முன்பே டியூக்குக்குப் பிறந்த சார்லட் வில்லியம்ஸ் வேறு. இவ்வளவும் தந்தை வழி. தாய் வழியில், ஜார்ஜியானாவுக்கும் சார்லஸ் கிரேக்கும் 1792இல் பிறந்த எலைசா கோர்ட்னி. அவளைக் கிரேயின் பெற்றோரே வளர்த்தார்கள். கிரே பின்னாளில் பிரிட்டனின் பிரதமரானார். ஆக, ஹாரியட்டுக்குத் தந்தை வழியிலும் மாற்றுச் சகோதரியர், தாய் வழியிலும் மாற்றுச் சகோதரி. ஹாரியட், கரோலின் இருவருக்கும் 1809ஆம் ஆண்டிலேயே திருமணம் நடந்தது. ஹாரியட்டுக்கு வாய்த்த கணவர், அவளுடைய சொந்தச் சித்தியின் நெடுநாள் காதலர். இதை நாவலாக எழுதி அனுப்பினால், நம்பும்படி இல்லை என்று பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால்தான் நாவலாசிரியர்கள் இரண்டு சகோதரிகளோடும் ஒரு டியூக்கோடும் அடக்கி வாசிக்கிறார்கள்.

இனி நுழைவியல். பிரபுகுலப் பெண் முதலில் அரசியின் முன் சென்று வணங்க வேண்டும். அந்நாளைய நாகரிகப்படி இடுப்புக்கோடு மார்புக்குக் கீழேயே ஏறிவிட்டது. அரண்மனை விதிப்படியோ பாவாடைக்குள் வளையம் இருந்தே ஆக வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தலையில் தீக்கோழி இறகும் செருகிக்கொண்டு, பெண்கள் மார்பிலிருந்தே கூடாரமாக விரிந்தபடி போனார்கள். 1820இல் நான்காம் ஜார்ஜ் வளையத்தை எடுத்துவிட்டார். நாவல்களில் இந்தக் காட்சி வராது. அந்த உடையில் யார் மீதும் யாருக்கும் காதல் வராது.

அடுத்து, கிங் தெருவில் 1765இல் தொடங்கிய ஆல்மாக்ஸ் நடன அரங்கம். புதன்கிழமை இரவு. உள்ளே விடுவதா வேண்டாமா என்பதைப் பிரபுகுலப் பெண்மணிகள் சிலர் கூடி முடிவு செய்தனர். 1814 வாக்கில் ஏழு பேர் என்று அங்கே ஆடித் திரிந்த ஒரு படைவீரர் நினைவுகூர்கிறார். பட்டமும் பணமும் இருந்தாலும் சீட்டு கிடைக்க வேண்டும். பதினொரு மணிக்குமேல் கதவு திறக்காது. வெலிங்டன் டியூக்கையே வாசலோடு திருப்பி அனுப்பியதாக ஒரு கதை உண்டு; தாமதமாக வந்ததற்காக என்பர் ஒரு சாரார், முழங்காலோடு நிற்கும் பிரிச்சஸ் அணியாமல் நீளக் கால்சட்டையில் வந்ததற்காக என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் நம் பல்கலைக்கழகங்களில் இருக்கத் தக்கவர்கள்.

இவ்வளவு பாடுபட்டு உள்ளே போனவர்களுக்குக் கிடைத்தது மெல்லிய ரொட்டித் துண்டும் வெண்ணெயும், பழைய கேக், தேநீர், லெமனேட். மது கிடையாது. இங்கேதான் நம் ஆய்வு தொடங்குகிறது. இதுவரை கூறியது முன்னுரை.

ஆடிக் களைத்துச் சகோதரியர் இருவரும் சுவரோரம் நிற்கின்றனர். அதைக் கண்ட டியூக், “லெமனேட் கொண்டு வருகிறேன்” என்று போகிறான். அவன் போனால்தான் வில்லன் வர முடியும் என்பதால் இது கதைக்கு இன்றியமையாதது. திரும்பி வருகையில் அவன் கையில் இருந்த கோப்பை ஒன்றா, இரண்டா? நாவல் வாய் திறக்கவில்லை. ‘லெமனேடுடன் திரும்பினான்’ என்ற அளவில் நிற்கிறது.

ஒற்றைக் கோப்பையர் கூற்று: கோப்பை ஒன்றே. காதல் கொண்ட ஆணுக்கு உலகில் ஒரு பெண்தான் தெரிவாள், மற்றவள் தூண். இக்கொள்கையின் முதல்வர் மூத்த பேராசிரியர் ஒருவர். பெயரைச் சொல்ல இயலாது, என் நேர்காணல் குழுவில் அவர் இருக்கிறார். (சான்று: கருத்தரங்கத் தேநீர் இடைவேளையில், போண்டா வருவதற்கு முன் கூறியது.)

இரட்டைக் கோப்பையர் கூற்று: அற்றன்று. டியூக் கனவான், கனவானுக்குக் கை இரண்டு. இருவர் தாகித்து நிற்க ஒருத்திக்கு மட்டும் கொண்டுவருபவன் இரண்டாம் பக்கத்திலேயே கதையிலிருந்து நீக்கப்பட்டிருப்பான். (சான்று: மேற்படிப் பேராசிரியரின் மாணவர் எழுதி, வழக்கம்போல் பேராசிரியர் பெயரில் வெளியான கட்டுரை. தம் கொள்கையைத் தாமே கடுமையாக மறுத்திருப்பது பேராசிரியருக்கு இன்றுவரை தெரியாது.)

விசிட்டக் கோப்பையர் கூற்று: கோப்பை இரண்டு, தாகம் ஒன்று. மூத்தவள் கையில் இருப்பதே கோப்பை. இளையவள் கையில் இருப்பது அதன் பண்பு. (சான்று: ஆறு தொகுதிகளாகத் திட்டமிட்டு ஆறாம் தொகுதி மட்டும் அச்சான பெருநூல். அணிந்துரை, வாழ்த்துரை, ஆசியுரை, நன்றியுரை போக எஞ்சிய ஒன்றரைப் பக்கத்தின் நான்காம் அடிக்குறிப்பில், இதனை முதல் தொகுதியில் விரித்துரைத்தோம் என்று காணப்படுகிறது. முதல் தொகுதிக்குப் போக வேண்டுமானால் ஆசிரியரின் வீட்டுப் பரணுக்குத்தான் போக வேண்டும். அங்கும் போனேன். கரையான் எனக்கு முன்பே படித்து முடித்திருந்தது.)

கோப்பை ஒன்று என்றே கொள்வோம். டியூக் அதை மூத்தவளிடம் நீட்டுகிறான். அவள் தங்கையை நினைத்து அங்கே நகர்த்துகிறாள். தங்கை அக்காளை நினைத்துத் திருப்புகிறாள். அன்பில் குறையிருந்தால் இது எங்காவது நின்றுவிடும். குறையே இல்லை என்பதால் நிற்பதற்கு வழியில்லை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சில துளி சிந்தும். கையில் இருப்பதோ வெள்ளைத் தோல் கையுறை. ஒருமுறை பிசுபிசுத்தால் அன்றைய நடனம் முடிந்தது. கோப்பை காலியாவதற்குள் டியூக் ஒரு நடனத்தையும் வில்லன் மூன்று சந்தர்ப்பங்களையும் இழந்திருப்பர். மூன்றாம் கைமாற்றத்தில் டியூக்கே வாங்கிக் குடித்துவிட்டான் என்று ஒரு பாடபேதம் உண்டு. நூலகப் பிரதியின் ஓரத்தில் முந்தைய வாசகி ஒருவர் பென்சிலால் எழுதியது அது. மூலத்தைவிட நன்றாக இருப்பதால் இடைச்செருகல் என்று தள்ளுகிறேன்.

அந்த லெமனேடில் இருந்தது என்ன என்பதையும் பார்த்துவிட வேண்டும். எலுமிச்சை தென் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது. சர்க்கரை கரீபியத் தோட்டங்களில் அடிமைகள் உழைப்பில் விளைந்தது. அடிமை வணிகத்தை 1807இல் தடை செய்த பிரிட்டன், அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை 1833இல்தான் இயற்றியது. தங்கைக்கு அக்காள் நிலம் கிடைக்கச் செய்த அதே ஆண்டு. டியூக்கின் பழைய துயரத்துக்கு முப்பது பக்கம் ஒதுக்கும் நாவல்கள் அவனுடைய வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. சரி, அது வேறு துறை, கோப்பைக்கு வருவோம்.

கள ஆய்வு: நண்பர் வீட்டுச் சகோதரியர் இருவர் நடுவே எலுமிச்சைச் சாறு ஒரு டம்ளர் வைக்கப்பட்டது. டம்ளர் உடைந்தது. இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது பின்னரே தெரிந்ததால் இம்முடிவு ஏற்கப்படவில்லை.

முடிபு: டியூக் கொண்டுவந்தது ஒரு கோப்பை. இரண்டு கொண்டுவந்திருந்தால் இருநூறு பக்கத்துக்கு முன்பே கல்யாணம் முடிந்திருக்கும், எனக்குக் கட்டுரையும் இருந்திருக்காது.

மேலாய்வுக்கு உரியது: ஆல்மாக்ஸ் அரங்கம் பின்னாளில் வில்லிஸ் அரங்கம் எனப் பெயர் மாறி, 1859 ஜூன் 6 அன்று அங்கே கூடிய அரசியல்வாதிகளால் பிரிட்டனின் லிபரல் கட்சி உருவானது. அன்று அவர்களுக்கு லெமனேட் கொடுத்தார்களா, கொடுத்திருந்தால் தலைக்கு எத்தனை கோப்பை என்பதை நேரில் சென்று ஆராய லண்டனுக்குப் போகவர விமானக் கட்டணமும் தங்கும் செலவும் தேவைப்படுகின்றன. நல்கை வழங்கும் மனமுடைய அறக்கட்டளைகள், பொருளின் முக்கியத்துவம் கருதி, விரைந்து எழுத வேண்டுகிறேன்.