தேறியவர்கள் வரிசையில் நிற்கவும்

பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்தவரை ஆசிரியர்கள் அரைவேக்காடாகவே வெளியே வந்தார்களாம். 2015இல் அதை இரண்டு ஆண்டாக்கினார்கள். நியாயம்தான். ஒரே ஆண்டில் அத்தனை தெர்மாகோலை யாரால் வெட்டி ஒட்ட முடியும்?

நுண்ணிலைக் கற்பித்தலில் தொடங்கினோம். மீசை வைத்த முதுகலைப் பட்டதாரிகள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க, நான் வலுவூட்டல் திறனைக் காட்டினேன். எத்தனை முறை 'சபாஷ்' சொன்னேன் என்று ஒருவர் கோடு போட்டு எண்ணினார். பிறகு கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே யார் விடுப்போ அவர் வகுப்பு எனக்கு. கணக்கு சார் வரவில்லையென்றால் தமிழ் படித்த நான் இயற்கணிதம் நடத்துவேன். எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் எழுத்துக் கூட்டவே திணறிய ஒரு பையனை உட்காரவைத்து, பத்தி பத்தியாக வாசிக்கப் பழக்கினேன். அதைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. செய்முறைத் தேர்வுக்கு வந்த தேர்வாளர்கள் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தார்கள். அட்டை சரியாக இருக்கிறதா, ஓரக்கோடு நேராக இருக்கிறதா, படத்துக்கு வண்ணம் அடித்திருக்கிறதா? காசு கொடுத்தால் ரெக்கார்டு எழுதித்தர ஊருக்கு ஊர் ஆள் உண்டு. எழுதியவருக்கல்லவா பட்டம் கொடுக்க வேண்டும்?

அடுத்தது ஆசிரியர் தகுதித் தேர்வு. பட்டதாரி ஆசிரியருக்கான இரண்டாம் தாளில் 150 கேள்விகள். தமிழாசிரியராகப் போகிறவருக்கு அதில் தமிழ் 30தான். சமூக அறிவியலோ 60. அது வேண்டாமென்றால் கணிதமும் அறிவியலும் 60. துக்ளக் தலைநகரை எந்த ஊருக்கு மாற்றினார் என்று தெரியாதவர் புணர்ச்சி விதியை எப்படி நடத்த முடியும்? இந்த வினாத்தாளின் அமைப்பைப் பார்த்தால் துக்ளக் மேல் மரியாதையே வருகிறது.

இந்தத் தேர்வின் பிறப்பே தனிக் கதை. தமிழகத்தில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வுக்கு 90 நிமிடம் கொடுத்தார்கள். ஒரு கேள்விக்கு 36 விநாடி. எழுதியவர்கள் ஆறரை லட்சத்துக்கும் மேல்; தேறியவர்கள் 2,448. தேர்வு தோற்றது என்று யாரும் சொல்லவில்லை, ஆசிரியர்கள் தோற்றார்கள் என்றார்கள். அக்டோபர் மறுதேர்வில் மூன்று மணி நேரம் கொடுத்ததும் தேறியவர் எண்ணிக்கை பல மடங்கானது. மூன்றே மாதத்தில் தமிழகத்துக்கு அறிவு சுரந்துவிட்டது போலும்!

தேறினால் வேலையா? 2018இல் ஓர் அரசாணை வந்தது. தகுதித் தேர்வில் தேறியவர் இன்னொரு நியமனத் தேர்வும் எழுத வேண்டுமாம். தகுதி இருக்கிறது என்று அரசே சான்று கொடுக்கும். அந்தச் சான்றை அரசே நம்பாது. 2021இல் ஒன்றிய அரசு, சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று அறிவித்தது. வேலைக்கு ஆயுள் முழுக்கக் காத்திருக்க வேண்டும் என்பதை இதைவிட நாசூக்காக யாரால் சொல்ல முடியும்? 2013இல் தேறியவர்கள் பத்தாண்டு கழித்தும் சென்னையில் பள்ளிக்கல்வித் துறையின் டிபிஐ வளாகத்தில் தரையில் உட்கார்ந்து வேலை கேட்டார்கள். போலீஸ் வேனில்தான் இடம் கிடைத்தது.

பள்ளியில் இடமே இல்லையோ என்று நினைத்துவிடாதீர்கள். 2022இல் அரசுப் பள்ளிகளில் 13,331 காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்ப உத்தரவிட்டார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய். இடைநிலை ஆசிரியருக்கு 7,500. பிள்ளைகள் நிரந்தரம், பாடம் நிரந்தரம், காலியிடமும் நிரந்தரம். ஆசிரியர் மட்டும் தற்காலிகம். தகுதி, தரம் என்று தேர்வறையில் கடிகாரம் வைத்துப் பேசியவர்கள், சம்பளம் என்றதும் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள்?

தேர்வு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஏழைப் பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் வேண்டும், சோதித்தே எடுங்கள். ஆனால் ரெக்கார்டு அட்டையை அல்ல, வகுப்பறையில் வந்து உட்கார்ந்து நான் பாடம் நடத்துவதைப் பாருங்கள். ஒரே தேர்வு வையுங்கள். காலியிடம் எத்தனை என்று முதலில் சொல்லிவிட்டு வையுங்கள். தேறியவருக்கு முழுச் சம்பளத்தில் வேலை கொடுங்கள். அது முடியாதென்றால், வேலையில்லாதவர்களிடம் தேர்வுக் கட்டணம் வாங்குவதையாவது நிறுத்துங்கள்.