பச்சை உடம்புக்காரிக்கு வந்த சம்மன்

சன்னிவேல்,
கலிபோர்னியா.

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

உங்கள் பேத்தி போன வாரம் குப்புற விழுந்துவிட்டாள். அத்தை கொழுக்கட்டை செய்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார்கள், சாதனை செய்தவளைத் தவிர.

போனில் நான் "கோர்ட்டிலிருந்து காகிதம்" என்று ஆரம்பித்ததுமே அம்மா பதற, லைன் அறுந்துபோக, அன்று சாயங்காலத்துக்குள் ராஜபாளையம் சித்தி வரைக்கும் சேதி போய்விட்டதாமே. ஆகையால் எழுத்து மூலமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்: என் மேல் கேஸ் இல்லை. நான் சாட்சியும் இல்லை. என்னைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா எப்படியும் இந்தக் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, பஞ்ச் போட்டு, பக்க எண் எழுதி ஃபைலில் சேர்ப்பார்கள் என்பதால் ஒரு முன்னறிவிப்பு. இதில் பால் கொடுக்கிற விஷயம் நிறைய வரும். அந்த இடங்களில் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கடிதத்தை அம்மா கையில் கொடுத்துவிடவும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஜில்லா கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காகவே காலம் தள்ளிய அப்பா, தன் சர்வீஸில் ஒரு தடவைகூடப் பார்க்காத பிராணி ஜூரி. அப்பா வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அதை ஊரில் ஒழித்துவிட்டார்கள். பம்பாயில் 1959-ல் நானாவதி கேஸ். மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரியை ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி இல்லை என்று சொல்ல, ஜட்ஜே அதை ஒப்புக்கொள்ளாமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். அப்புறம் 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை. நம் ஆச்சி உயிரோடு இருந்தால் "நல்லதாப் போச்சு" என்றிருப்பார்கள். பாகவதரையும் கலைவாணரையும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-ல் குற்றவாளிகள் என்றது சென்னை ஹைகோர்ட்டு ஜூரிதானே. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-ல் அவர்கள் விடுதலையாகிற வரைக்கும் ஆச்சி வீட்டில் யாரையும் பாடவிடவில்லை என்று நீ சொல்லியிருக்கிறாய், அம்மா.

அந்த ஜூரியில் இப்போது உங்கள் மகள். இங்கே வாக்காளர் பட்டியலிலிருந்தும் டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயரைக் கம்ப்யூட்டர் குலுக்கி எடுக்கிறது. குடியுரிமை இருக்க வேண்டும், பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், இங்கிலீஷ் புரிய வேண்டும். உங்கள் மாப்பிள்ளை இன்னும் கிரீன் கார்டு என்பதால் அவருக்கு வராது. "இந்த நாட்டுக்கு உன் நியாயத்து மேலதான் நம்பிக்கை" என்று அவர் சிரித்த சிரிப்பை நான் எழுதிவைத்திருக்கிறேன். குடியுரிமைத் தேர்வுக்கு இந்தக் கேள்வியையே மனப்பாடம் செய்தேன்: குடிமக்களுக்கு மட்டுமே உள்ள பொறுப்பு ஒன்றைச் சொல்க. "ஜூரியில் பணியாற்றுவது" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். ஒப்பித்தவளைப் பிடித்து உட்காரவைப்பார்கள் என்று யார் கண்டது!

காகிதம் வந்த செய்தி பரவியதும் சிநேகிதிகள் எல்லோரும் தப்பிக்க வழி சொன்னார்கள். இங்கிலீஷ் தெரியாது என்று எழுது என்றாள் ஒருத்தி. அதை நான் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும், கீழே பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்று கையெழுத்தும் போட வேண்டும். குப்பையில் போடு என்றாள் இன்னொருத்தி. 1,500 டாலர் வரைக்கும் அபராதம் போடலாம். அத்தைக்கோ வேறு கவலை. "பச்ச ஒடம்புக்காரி கோர்ட்டுப் படி ஏறலாமா? நம்ம வம்சத்துல யாரும் ஏறினதில்ல" என்றார்கள். எங்க அப்பா தினம் ஏறினார்களே என்றேன். "அது சம்பளத்துக்கு" என்றார்கள். சம்பளத்தில் நியாயம் இருக்கிறது. இங்கே ஜூரிக்கு முதல் நாள் ஒரு பைசா கிடையாது. இரண்டாம் நாளிலிருந்து 15 டாலர் பேட்டா. மத்தியானச் சாப்பாட்டுக்கே பத்தாது.

உண்மையில் தப்பிக்கப் பொய்யே தேவையில்லை. பால் கொடுக்கிற தாய் கேட்டால் ஒரு வருஷம் வரைக்கும் வாய்தா கொடுக்க வேண்டும் என்று கலிபோர்னியாவில் விதியே இருக்கிறது. நேரில் ஆஜராகத் தேவையில்லை. குழந்தை இன்னும் குடிக்கிறது என்றால் அடுத்த வருஷமும் வாங்கிக்கொள்ளலாம். அப்பா கோர்ட்டில் ஒரு வாய்தாவுக்கு வக்கீல் எத்தனை தடவை தன் மாமனாரைச் சாகடிக்க வேண்டியிருந்தது! எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. மிசௌரியில் 2014-ல்தான் இதற்குச் சட்டம் வந்தது.

இருந்தும் நான் போனேன். ஏன் என்று அத்தையும் கேட்டார்கள், மாப்பிள்ளையும் கேட்டார். அம்மாவுக்கு மட்டும் சொல்கிறேன். பிள்ளை பெற்று நாலு மாசம். முழுசாக ஒரு தோசையைச் சூடாகத் தின்று எத்தனை நாளாயிற்று என்று தெரியாது. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திரு, எழுந்தால் சட்டவிரோதம் என்று ஓர் அரசாங்கம் காகிதம் அனுப்பினால், அதை வாய்தா வாங்கி ஒத்திப்போடுகிற பைத்தியக்காரி யார்?

(அப்பா, இங்கே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.)

அதற்கான ஏற்பாடுதான் பெரிய கல்யாணம். பம்ப் என்று ஒரு மிஷின், அம்மா. அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மாவு மில் பக்கத்தில் இருக்கிற மாதிரி சத்தம். எடுத்த பாலை வெளியே வைத்தால் நாலு மணி நேரம், ஃபிரிட்ஜில் நாலு நாள், ஃப்ரீசரில் ஆறு மாசம் தாங்கும். அத்தை இதை நம்பவில்லை. "பெத்தவ இருக்கையில பிள்ளைக்கு எதுக்கு ஐஸ் பாலு" என்று ஒவ்வொரு பையையும் முகர்ந்து பார்த்தார்கள். புட்டியைப் பேத்தி துப்பினாள். கடைசியில் நீ கொடுத்தனுப்பிய வெள்ளிப் பாலாடைதான் கைகொடுத்தது. அத்தை மடியில் போட்டுச் சொட்டுச் சொட்டாகப் புகட்ட, மடமடவென்று குடித்தாள். அதற்குப் பிறகு ஐஸ் பாலில் குற்றமே இல்லை என்று அத்தையே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

கோர்ட்டு வாசலில் விமான நிலையம் போலச் சோதனை. என் பை எக்ஸ்ரேக்குள் போனதும் காவலர் திரையை உற்றுப் பார்த்தார். மோட்டார், டியூப், புனல், ஐஸ் கட்டி. இன்னொரு காவலரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். மூன்றாவதாக வந்தது ஒரு பெண். ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி "பிரெஸ்ட் பம்ப்!" என்றார். நம் டவாலி மூன்று தடவை கூப்பிடுவார். இவர் ஒரே தடவையில் முடித்துவிட்டார்.

பம்ப் போட இடம் எங்கே என்று கவுண்டரில் கேட்டேன். பாவம், அந்தப் பையன் காது சிவந்து, கக்கூஸைக் காட்டினான். அது குழந்தையின் சாப்பாடு, நீ உன் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்வாயா என்று கேட்டதும், ஓடிப்போய் வக்கீலும் கட்சிக்காரரும் பேசுகிற சின்ன அறையைத் திறந்துவிட்டான். கதவில் கண்ணாடி. அதன்மேல் காகிதம் ஒட்டினோம். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ தட்டி, "வக்கீலம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார். பத்து நிமிஷம் என்றேன். நன்றி சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

(அப்பா வாங்கிக்கொள்ளலாம்.)

ஒத்திப்போடுவதற்கு விதி எழுதியவர்கள் ஒரு நாற்காலி, ஒரு பிளக், ஒரு தாழ்ப்பாள் இவற்றைப் பற்றி யோசித்தார்களா என்று எனக்குச் சந்தேகம். நீ வீட்டில் இரு என்று சொல்வது எல்லாக் காலத்திலும் சுலபமாகத்தான் இருந்திருக்கிறது. ரொம்பப் பின்னால் போவானேன், 1961-ல்கூட அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அதைத்தான் சொன்னது. புளோரிடாவில் பெண்கள் தாமாக வந்து பெயர் கொடுத்தால்தான் ஜூரி. புருஷனைக் கொன்ற வழக்கில் ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரியால் தண்டிக்கப்பட்ட ஒரு பெண் அதை எதிர்த்துப் போனாள். வீட்டுக்கும் குடும்பத்துக்கும் நடுநாயகம் பெண், ஆகவே அந்த விலக்கு சரிதான் என்று தள்ளிவிட்டார்கள். அது 1975-ல்தான் மாறியது. லூயிசியானாவில் இருந்து போய் ஜெயித்தவர் ஓர் ஆண்! என்னை விசாரிக்கக் கூப்பிட்ட கூட்டத்தில் பெண்களே இல்லையே என்று அவர் கேட்டார். பெண் கேட்டபோது காது கேட்கவில்லை.

சரி, கோர்ட்டு ஹாலுக்கு வருகிறேன். குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாக ஒருவர் மேல் கேஸ். ஜட்ஜ் வயசானவர். யாருக்கெல்லாம் கஷ்டம் என்றதும் முக்கால்வாசிக் கை மேலே போனது. ஒருவருக்கு ஹவாய் டிக்கெட், ஒருவருக்குப் பல் வைத்தியம், ஒருவருக்கு வயசான நாய். என் முறை. பால் கொடுக்கிற தாய், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை இருபத்தைந்து நிமிஷம் தேவை என்றேன். "அப்படியானால் நீங்கள் போகலாம்" என்று பேனாவை எடுத்தார். "போக வேண்டாம், இடைவேளைதான் வேண்டும்" என்றேன். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கால் மணி நேர இடைவேளையை அரை மணியாக்கினார். வெளியே நாய்க்காரர் என்னிடம் வந்து, காபிக் கடை வரிசைக்கு இப்போதுதான் நேரம் இருக்கிறது என்று கையைக் குலுக்கினார்.

அப்புறம் வக்கீல்கள் ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று அவர்களும் பொறுக்குவார்கள். அரசு வக்கீல் எழுந்து என் பக்கம் வந்த நேரம் பார்த்து, வராந்தாவில் யாருடைய குழந்தையோ வீரிட்டது. அம்மா, உனக்குத் தெரியும் என்ன ஆகும் என்று. எந்தக் குழந்தை என்று உடம்பு விசாரிக்காது. சட்டென்று இரண்டு கையையும் மார்மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டேன், முகத்தையும் கடுமையாக வைத்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக் காகிதத்தில் ஏதோ குறித்தார்.

"உங்கள் குடும்பத்தில் யாராவது கோர்ட்டில் வேலை பார்த்தார்களா?"

"என் அப்பா. இந்தியாவில், பெஞ்ச் கிளார்க்."

"போலீஸ் சாட்சிகளைப் பற்றி அவர் ஏதாவது சொல்லியிருக்கிறாரா?"

சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அப்பா. என்ன செய்ய? "வாய்தா தேதிக்கு வரமாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்" என்றேன்.

ஜட்ஜ் இருமினார். எதிர்த்தரப்பு வக்கீல் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் அரசு வக்கீல் எழுந்து, ஜூரர் ஆறாம் நம்பருக்கு நன்றி, அனுப்பிவிடலாம் என்றார். காரணம் கேட்க எனக்கு வழியில்லை. கட்டிய கை காரணமா, அப்பாவின் சர்வீஸ் காரணமா என்று இன்றுவரை தெரியாது. பால் காரணம் இல்லை, அது மட்டும் நிச்சயம்.

இங்கே ஒரு நாள் அல்லது ஒரு கேஸ் என்பது கணக்கு. அந்த ஒரு நாளோடு என் கடன் தீர்ந்தது. இனி ஒரு வருஷத்துக்குக் கூப்பிட முடியாது. வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொள்வதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டார்கள். அவன் குடிச்சிருந்தானா இல்லையா? கல்யாணம் ஆனவனா? பார்த்தா எப்படி இருந்தான்? தெரியாது அத்தை, பாதியில் அனுப்பிவிட்டார்கள் என்றால் விடுவதாக இல்லை. "அரை நாள் உக்காந்துட்டு முடிவு தெரியாம வர்றதுக்கா பிள்ளைய ஐஸ் பாலு குடிக்க விட்ட?" என்கிறார்கள். அப்பா ஊரில் தீர்ப்பு நகலுக்கு மனு எழுதிக் கொடுப்பார்களாமே, அதே மாதிரி இங்கேயும் எழுதிப் போடச் சொல்கிறார்கள். மனுவுக்கு எத்தனை ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டுவீர்கள் என்று கேட்டு எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

அம்மா, வசம்பு தீர்ந்துவிட்டது. வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்