பெட்டிக்குப் பெட்டி காவல்

ஏலே பேராண்டி, இப்பிடி வந்து ஒக்காரு. ஹூஸ்டன்ல கேரேஜுன்னா உள்ள கார் நிக்கும்னுதான் நெனச்சேன். வந்து பாத்தா கார் வெயில்ல காயுது, பழைய பிரிட்ஜு நெழல்ல நிக்குது. அதுக்குள்ள ஒரு வாளில, பீருக்குன்னு 20 லிட்டர் மால்ட்டுச் சாறு. வெளிய செவுத்துல டெம்பரேச்சர் கண்ட்ரோலர்னு சின்னதா ஒரு கறுப்புப் பெட்டி, செவப்பு நம்பரும் பச்ச நம்பரும் காட்டிக்கிட்டு. அதுக்கு முன்னால கையக் கட்டிக்கிட்டு நீ. கோயில்ல கூட இவன் இவ்வளவு நேரம் நின்னதில்லன்னு ஒங்கம்மா பொலம்புதா.

நான் வாயத் தொறந்தா, 'தாத்தாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்'னு ஒரு பார்வை பாக்க. தூத்துக்குடில மீனுக்கு ஐஸ் போடுத பேக்டரில கம்ப்ரசர் ஓட்டிக் காலந்தள்ளுனவன்லே நான். குளிரு எப்பிடிப் பொறக்குதுன்னு எனக்குத் தெரியும். பீரப் பத்தித்தான் ஒண்ணுந் தெரியாது. ஒங்க ஆச்சிகிட்ட அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கேன்.

ஆனா ஒம் பீருக்கும் எங்க ஐஸுக்கும் பங்காளி ஒறவு உண்டு, கேட்டுக்க. ஜெர்மனில பவேரியான்னு ஒரு சீமை. அங்கன 1553ல கட்டளையே போட்டுட்டான்: ஏப்ரல் 23லேருந்து செப்டம்பர் 29 வரைக்கும் எவனும் பீர் காய்ச்சப்படாதுன்னு. கோடச் சூட்டுல காய்ச்சுனா கெட்டுப்போகுதுல்லா, அதான். அந்தக் காலத்து கண்ட்ரோலரு ராசாவோட ஆணைதான். பொறவு 1870கள்ல கார்ல் வான் லிண்டன்னு ஒரு வாத்தியாரு, மூனிச்சுல ஸ்பாட்டன் பீர் ஆலைக்காரன் ஆதரவுல குளிர் எந்திரம் செஞ்சாரு. சீக்கிரமே அமோனியாவுக்கு மாறிட்டாரு. எங்க பேக்டரில ஓடுனதும் அதே அமோனியாதான். ஆக, நம்மூரு வஞ்சிர மீனு நாறாம கேரளா போய்ச் சேந்ததுல பீர்க்காரன் புண்ணியமும் கொஞ்சம் கெடக்கு.

சரி, ஒஞ் சங்கதிக்கு வாரேன். பிரிட்ஜுக்குத் தெரிஞ்சது 3, 4 டிகிரி. பாலு கெடாது, தக்காளி வாடாது, அவ்வளவுதான் அதோட அறிவு. நீ போட்டிருக்கது ஏல் ஈஸ்டு, அதுக்கு 18லேருந்து 20 டிகிரி வேணும். பிரிட்ஜு இஷ்டத்துக்கு விட்டா ஈஸ்டு அடில போய்ப் படுத்துக்கிடும். கேரேஜுல சும்மா வச்சாலோ, ஆகஸ்டு மாச ஹூஸ்டன் 35 டிகிரி. அந்தச் சூட்டுல ஈஸ்டு தலகால் தெரியாம ஆடும். வாழப்பழ வாசன வரும், தொண்டையில காருத ஆல்கஹால் சேரும். அதுவும் போக, சாறு புளிக்கையில தன்னாலயே சூடாகும்லே. வேகமாப் பொங்குத நாள்ல வெளிக்காத்த விட மூணு நாலு டிகிரி கூட இருக்கும். அதனாலதான் நடுவுல ஒரு ஆளு வேணும். அந்த ஆளுதான் இந்தப் பெட்டி.

பெட்டி செய்யுத வேலை ரொம்பச் சின்னது. பிரிட்ஜோட பிளக்க அதுல சொருகுத. சூடு ஏறுனா கரண்டு விடும், எறங்குனா நிறுத்தும். பிரிட்ஜ ஒடைக்க வேண்டாம், ஒயர வெட்ட வேண்டாம். ஆனா நீ என்ன செஞ்ச? பிரிட்ஜுக்குள்ள இருக்க குமிழ நடுவுல வச்சுட்டு, 'ரெண்டும் சேந்து பாத்துக்கிடும் தாத்தா'ங்க. ஒரு வீட்டுக்கு ரெண்டு கணக்கப்பிள்ளையா? அந்தக் குமிழக் கடைசிக் குளிருக்குத் திருகு. பிரிட்ஜு எப்பவும் 'ஓடுதேன், ஓடுதேன்'னு தயாரா நிக்கணும். ஓடவா வேண்டாமான்னு சொல்லுதது வெளிப்பெட்டி ஒண்ணு மட்டுந்தான்.

அடுத்தது பெட்டியோட சென்சாரு. அதப் பிரிட்ஜுக்குள்ள அந்தரத்துல தொங்க விட்டிருக்கியே, காய்ச்சக்காரனக் கட்டில்ல போட்டுட்டு தெர்மாமீட்டர ஜன்னல்ல மாட்டுவியாலே? காத்து நிமிசத்துல குளுந்துரும், நிமிசத்துல சூடாயிரும். 20 லிட்டர் சாறு அப்பிடியா? அது அசைய மணிக்கணக்காகும். காத்த நம்பி பெட்டி ஆன், ஆஃப்னு அடிச்சுக்கிட்டே கெடக்கும். உள்ள சாறு 23ல கொதிச்சாலும் நம்பரு 19ன்னு பல்லக் காட்டும். சென்சார வாளியோட வயித்துல, சாறு நெறஞ்சிருக்க மட்டத்துல ஒட்டு. மேல பஞ்சோ பபிள் ராப்போ நாலு மடிப்பு வச்சு டேப்பு சுத்து. அப்பதான் அது வாளியப் பாக்கும், காத்தப் பாக்காது.

இனி ரெண்டு நம்பரு. ஒண்ணு, எவ்வளவு ஏறுனா பிரிட்ஜப் போடணும்ங்கது. நீ 0.3 வச்சிருக்க, சுத்தமா இருக்கட்டும்னு. ஈஸ்டு கணக்கு வாத்தியாரு இல்லடே. அரை டிகிரிலேருந்து ஒரு டிகிரி வரைக்கும் விடு. இன்னொண்ணு கம்ப்ரசர் டிலே. அத 3 நிமிசத்துக்குக் கொறைக்காத, கூட வச்சா இன்னும் நல்லது. இங்கனதான் தாத்தா பேச்சுக்கு வெல உண்டு. கம்ப்ரசரு நின்னவொடன ஒரு பக்கம் பிரஷர் ஏறிக் கெடக்கும், மறுபக்கம் எறங்கிக் கெடக்கும். ரெண்டும் சமமாக நேரம் வேணும். அதுக்குள்ள திரும்பப் போட்டா மோட்டார் சுத்த முடியாம 'ம்ம்ம்'னு மொனகும், சூடாகும், ஓவர்லோடு அத்துவிடும். நாலு தடவ அப்பிடிச் செஞ்சா வாளியத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டியதுதான்.

நம்பரு குத்துததுக்கு முன்னாடி அது ஃபாரன்ஹீட்டா செல்சியஸான்னு பாரு. இந்தத் தேசத்துல எல்லாமே தல கீழ. 68 ஃபாரன்ஹீட்டுதான் 20 செல்சியஸ். பெட்டி ஃபாரன்ஹீட்டுல இருக்கையில நீ 20ன்னு குத்துனா, தண்ணி ஒறையுத புள்ளிக்கும் கீழ போய்ச் சேரும். பொறவு எனக்குத்தான் பழைய உத்தியோகம் திரும்பக் கெடைக்கும்.

பெட்டில ரெண்டு ஓட்ட இருக்கு, குளிருக்கு ஒண்ணு, சூட்டுக்கு ஒண்ணு. சனவரில கேரேஜு குளுந்துபோனா வாளியச் சுத்தி ஒரு ஹீட் பெல்ட்டு கட்டி ரெண்டாவதுல சொருகு. ஆனா ரெண்டுக்கும் நடுவுல எடவெளி விடு. இல்லன்னா பிரிட்ஜு குளுத்த, பெல்ட்டு சூடாக்க, ரெண்டும் விடிய விடியச் சண்ட போடும். கரண்டு பில்லு மட்டும் ஒனக்கு.

பொத்தான் வச்ச புது பிரிட்ஜத் தள்ளுபடில வாங்குதேன்னு சொன்னியே, அத விட்டுரு. அதுக்குள்ள கம்ப்யூட்டரு ஒக்காந்திருக்கும். கரண்டு போய்ப் போய் வந்தா, சிலது திரும்ப ஓடாமயே சும்மா கெடக்கும். குமிழு திருகுத பழசுதான் இதுக்கு ராசி. குழாய் வைக்கணும்னு அதோட செவுத்துல டிரில் போடாத, உள்ள எங்கன கேஸ் குழாய் ஓடுதுன்னு தெரியாமத் தொட்டா பிரிட்ஜு அன்னைக்கே பரலோகம்.

எல்லாஞ் சரியா வச்சதுக்குப் பொறவும் கெடுக்கதுக்கு ஒண்ணு பாக்கி: ஒங் கையி. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க கதவத் தொறக்க. 'ஏன் 19.4 காட்டுது'ன்னு நம்பர மாத்துத. பீரு செய்யுதது நீயில்லலே, ஈஸ்டு. நீ வீட்டச் சரியா வச்சுக் குடுத்தாப் போதும், குடித்தனத்த அது பாத்துக்கிடும். பொங்கல் அடங்குத வரைக்கும் சும்மா இரு. அடங்குன பொறவு ரெண்டு நாளு ரெண்டு டிகிரி ஏத்தி விடு, பாக்கி வேலைய முடிச்சுக்கிடும். அப்பறம் 2 டிகிரிக்கு எறக்கு, கலங்கல் அடில ஒக்காந்துரும். நீ நம்பர்ல கை வைக்க வேண்டியது இந்த ரெண்டு நேரந்தான்.

இப்ப சர்க்காரு சமாச்சாரம். அமெரிக்காவுல வீட்டுக்குன்னு பீர் காய்ச்ச 1978ல ஜிம்மி கார்ட்டரு கையெழுத்துப் போட்டாரு. விக்கப்படாது, குடிக்கலாம். வீட்ல வயசுவந்த ஆளு ஒருத்தர்னா வருசத்துக்கு 100 காலன், ரெண்டு பேரோ கூடவோன்னா 200 காலன். படிச்சியாலே அத? ஒண்டிக்கட்டைக்குப் பாதிதான். ஒங்கம்மா மூணு வருசமாச் சொல்லிக் கேக்காதத, கார்ட்டரு அப்பவே சட்டமா எழுதி வச்சுட்டாரு. நம்மூர்ல ஒரு நல்ல எடம் இருக்கு, சாதகம் எங் கைலதான் இருக்கு. பொண்ணு கேக்கப் போகையில ஒரு விசயத்த மட்டும் நானே சொல்லிப்புடுதேன்: பையனுக்கு ரெண்டு பிரிட்ஜு, அதுல ஒண்ணத் தொறக்கப்படாது.