துப்பாக்கி வாங்கப்போகிறவர்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் அடுத்த மாதம் ஏர் கன் வாங்கப்போகிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார். பத்து வருடத்துக்கு முன்னால் அவர் தேங்காய் மண்டியில் இருந்தார். இப்போது உருளைக்கிழங்கு மண்டியில் இருக்கிறார். ஐம்பது தாண்டிய வயது, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் கிழங்குச் சிட்டை. அதற்குப் பின்னால் நாலாக மடித்து ஓரம் நைந்துபோன ஒரு துப்பாக்கி விலைப்பட்டியல். சிட்டையைத் தேடும்போது விலைப்பட்டியல்தான் முதலில் கைக்கு வரும்.

எல்லாவற்றுக்கும் எலிதான் காரணம். அதில் பொய்யில்லை. ராத்திரி லாரி வந்து மூட்டை இறங்கி, விடியற்காலை வியாபாரம் ஓய்ந்து, பகலில் அசந்து மூடுகிற கடைகளில் எலிக்கு வேறென்ன வேலை? சாக்கின் அடிப்பக்கமாகப் பார்த்து ஓட்டை போடும். ஒரு கிழங்கை முழுதாகத் தின்றுவிட்டுப் போனாலும் மன்னிக்கலாம். பத்துக் கிழங்கில் ஆளுக்கொரு கடி கடித்து வைத்துவிட்டுப் போகும். சாக்கடைப் பக்கத்துப் பெருச்சாளியைப் பூனை கண்டால், அதற்கு அவசரமாக வேறெங்கோ போகவேண்டிய வேலை வந்துவிடும்.

“காந்தி பேர் வச்ச இடத்துல துப்பாக்கியா முதலாளி?” என்று டீ மாஸ்டர் கேட்பார். இந்தக் கேள்விக்காகத்தான் நம்மவர் காத்திருப்பார். 1868-இல் தொடங்கிய சந்தை, 1927-இல் விரிவாக்கியபோது மகாத்மாவின் பெயர் வைத்தார்கள் என்று ஆரம்பிப்பார். அதற்கு முந்தின வருடம், 1926-இல், அகமதாபாத்தில் ஒரு மில் முதலாளி அறுபது தெருநாய்களைக் கொல்லச் செய்துவிட்டு மகாத்மாவிடம் போய் நின்றார்; வேறென்ன செய்திருக்க முடியும் என்று மகாத்மாவே அவர் பக்கம் பேசினார். ஊரெல்லாம் திட்டிக் கடிதம் எழுத, ‘யங் இந்தியா’வில் வாரக்கணக்கில் பதில் எழுதினார். “நாய்க்கே அப்படின்னா எலிக்கு?” என்று முடிப்பார். இந்தத் தகவல் சரியானதுதான். அகிம்சையைப் பற்றி மார்க்கெட்டில் இவரளவுக்குப் படித்தவர் கிடையாது.

ஆனால் துப்பாக்கி மட்டும் வந்தபாடில்லை.

முதல் முட்டுக்கட்டை சட்டம். 2016-ஆம் வருடத்து ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழல், அதாவது பாயின்ட் ஒன் செவன் செவன், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 16 ஜூல்தான் வரம்பு. அதை வைத்துக்கொண்டே அங்கே பண்ணைக்காரர்கள் எலி அடிக்கிறார்கள். நம்மவருக்கு அது போதாது.

“எலின்னா சரிண்ணே. வர்றது பெருச்சாளி. ஒன் செவன் செவன் அதுக்கு ஊசி போட்ட மாதிரி. பாயின்ட் டூ டூ வேணும். டூ டூவுக்கு லைசென்ஸ். அதுக்குக் கமிஷனர் ஆபீஸ். எதுக்குன்னு கேப்பாங்க. பெருச்சாளிக்குன்னு சொன்னா உக்கார வச்சு டீ குடுப்பாங்க, லைசென்ஸ் குடுக்கமாட்டாங்க.”

ஆக, லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கி பத்தாது. பத்துகிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் வருடக்கணக்கில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார்.

திருச்சியில் இன்னொரு ஆபத்து உண்டு. இங்கே எந்த டீக்கடையிலும் துப்பாக்கி தெரிந்த ஆள் ஒருவர் இருந்துவிடுவார். 1966-இலிருந்து ஊரின் ஒரு பக்கம் துப்பாக்கித் தொழிற்சாலை ஓடுகிறது. ராணுவத்துக்கு ரைபிள் செய்து ரிட்டயர்டு ஆனவர்கள் காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குத்தான் வருவார்கள். அப்படி ஒருவர் ஒருநாள் பையில் கத்தரிக்காயோடு நின்று, முழுக்கதையும் கேட்டுவிட்டு, “தலையில பட்டா ஒன் செவன் செவனே போதும் சார். எத்தனை அடி தூரத்துல சுடப்போறீங்க?” என்றார்.

“ஸ்கோப் போட்டுத்தான் சார்.”

“அதான், எத்தனை அடி?”

நம்மவர் மண்டியைத் திரும்பிப் பார்த்தார். மூட்டை அடுக்கு, தராசு, பணப்பெட்டி, நடுவே ஒற்றையாள் போகிற வழி. “ஒரு ஆறடி இருக்கும்.”

ரிட்டயர்டுகாரர் பையைக் கீழே வைத்தார். ஆறடியில் ஸ்கோப்பில் பார்த்தால் எலி தெரியாது, சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல்தான் தெரியும் என்றார். ஸ்கோப் குழலுக்கு மேலே ஒன்றரை அங்குலம் உயரத்தில் இருக்கிறது. முப்பதடிக்குச் சரிசெய்த துப்பாக்கி, ஆறடியில் குறியிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் கீழே போய் அடிக்கும். எலியின் தலையைப் பார்த்துச் சுட்டால் அதன் காலடியில் இருக்கிற கிழங்கில் படும். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் உதைக்கும், மலிவு ஸ்கோப் சீக்கிரம் ஆடிப்போகும். எல்லாவற்றுக்கும் மேலே, ஈயக்குண்டு தகர ஷட்டரில் பட்டால் எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. “வழியில லோடுமேன் வருவான் சார். மூட்டை தலையில இருக்கும். அவனுக்குக் கீழ என்ன நடக்குதுன்னே தெரியாது.”

வேறு யாராக இருந்தாலும் அன்றோடு விலைப்பட்டியலைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். நம்மவர் பேனாவை எடுத்து அதன் ஓரத்தில் ‘6 அடி – 1 அங்குலம் மேலே’ என்று குறித்துக்கொண்டார்.

இவருடைய மச்சினர் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்காரர். அதே வியாதியின் மாடிப் பதிப்பு. அங்கே எலி இல்லை, குரங்கும் அணிலும். குரங்கு வடாம் தின்னும், அணில் கொய்யா தின்னும். துப்பாக்கி என்று பேச்செடுத்த உடனே வீட்டம்மா, குரங்கையும் அணிலையும் ஒரே பாசுரத்தில் வைத்துப் பாடிய தொண்டரடிப்பொடியாழ்வார் பூ கட்டிக் கொடுத்துக்கொண்டு இருந்த ஊர் இது என்பதை நினைவுபடுத்தினார். குரங்கைச் சுட்டால் வன உயிரினச் சட்டத்தில் உள்ளே போகலாம் என்பதைப் பிள்ளை நினைவுபடுத்தினான். மச்சினர் இப்போது கவண் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

மார்க்கெட்டுக்காரருக்கும் மேலிடத்துத் தொந்தரவு உண்டு. மலைக்கோட்டையிலிருந்து உச்சிப்பிள்ளையார் நேராகக் கீழே பார்க்கிறார்; சுடப்போவது அவர் வாகனத்தை. ஆகவே சதுர்த்தி கூடாது. செவ்வாய், வெள்ளி கூடாது. அமாவாசைக்குக் கடையே இல்லை. மிச்ச நாளில் வியாபாரம்.

2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு நடிகர் அஜித் திருச்சி ரைபிள் கிளப்புக்கு வந்தபோது மார்க்கெட் இளசுகள் பாதிப்பேர் கே.கே.நகரில் நின்றார்கள். நம்மவரும் போனார். “நான் அவரைப் பாக்க வரல, என்ன மாடல் வச்சிருக்காருன்னு பாக்க வந்தேன்” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டே நின்றார். முதுகுகளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பிஸ்டல் பிரிவு என்று பிற்பாடு தெரிந்ததும் அவருக்கு அஜித் மேல் கொஞ்சம் மதிப்புக் குறைந்தது.

வேறு ஒரு நாள், சலீம் அலியே சின்ன வயதில் ஏர் கன்னில் ஒரு குருவியைச் சுட்டு, அது என்ன குருவி என்று விசாரிக்கப் போய்த்தான் இந்தியாவின் பறவை மேதை ஆனார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். “அப்ப எலியைச் சுட்டா நீங்க யார் ஆவீங்க முதலாளி?” என்று டீ மாஸ்டர் கேட்டார். அன்றைக்கு டீக்குச் சர்க்கரை கம்மி என்று சண்டை வந்தது.

இதற்கிடையில் எலி பிடிபடாமல் இல்லை. லோடுமேன் ஒருவர் எதிர்த்த கடையிலிருந்து ஓசியில் வாங்கின எலிப்பெட்டியில், தான் தின்ற மசால்வடையின் மிச்சத்தை மாட்டி மூட்டைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார். எலி புதுப் பொருளைச் சட்டென்று நம்பாது. இரண்டொரு நாள் சுற்றிச்சுற்றி வந்து முகர்ந்துவிட்டுத்தான் உள்ளே நுழையும். நம்மவர் துப்பாக்கிக் கடைக்குப் போய் வருவதும் இப்படித்தான், அந்தக் கடைசிப் படி தவிர.

போன வாரம் பெட்டியில் நல்ல கொழுத்ததாக ஒன்று விழுந்தது. தூக்கிக்கொண்டு போக இருந்த லோடுமேனை நம்மவர் நிறுத்தினார். பெட்டியைத் தராசுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டிப் பார்த்தார். எலி மீசையை ஆட்டிக்கொண்டு மிச்ச வடையைத் தின்றுகொண்டிருந்தது.

“ஆறடி இல்லப்பா, அஞ்சுதான். இதுக்கு ஸ்கோப்பே வேணாம்.”

விலைப்பட்டியலை எடுத்து ஸ்கோப்பை அடித்தார். கூட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ஸ்கோப் காசு மிச்சம். அதோட கொஞ்சம் போட்டா, காத்து அடைச்சு வைக்கிற துப்பாக்கி, பி.சி.பி. பக்கமே போயிரலாம். அடுத்த மாசம் பாக்கலாம்.”